கால் மணி நேரத்தில் ஒரு மதிப்பெண்

இன்று என் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணினியில் வாசிப்புத் திறன் சோதனை. ஹெட்போனில் ஒரு ஒலி வரும், அதற்குரிய எழுத்தைத் திரையில் தொட வேண்டும். சரியாகத் தொட்டால் அடுத்த கேள்வி கொஞ்சம் கடினம், தவறினால் எளிது. அதனால்தான் கால் மணி நேரத்திலேயே மதிப்பெண் வந்துவிடுகிறது. (ஒரு பையன் பாதி நேரம் ஹெட்போனைக் கழற்றி மாட்டி விளையாடிக்கொண்டிருந்தான். அவனுக்கும் மதிப்பெண் வந்தது!)

இவ்வளவு சின்ன வயதிலேயே ஏன் சோதிக்க வேண்டும்? 1988-இல் கோனி ஜூயல் என்ற ஆய்வாளர் 54 பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து எழுதினார். முதல் வகுப்பு முடிவில் வாசிக்கத் திணறிய பிள்ளை, நான்காம் வகுப்பு முடிவிலும் திணறுவதற்கான வாய்ப்பு 0.88. படித்தபோது தூக்கிவாரிப் போட்டது.

அதற்காக மதிப்பெண்ணைத் தலையெழுத்தாக எடுத்துக்கொள்ள முடியாது. 100 பிள்ளைகளில் 20 பேர் பின்னால் திணறப்போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். திணறப்போகிறவர்கள், திணறாதவர்கள் இரு தரப்பிலும் சோதனை 80 சதவீதம் சரி என்றும் வைத்துக்கொள்வோம். அந்த 20 பேரில் 16 பேரைப் பிடித்துவிடும், சரி. மீதி 80 பேரிலும் 16 பேர்மேல் ‘திணறுவார்’ என்று தவறாகக் குறி விழுமே! குறி விழுந்த 32 பேரில் பாதிப் பேருக்குப் பிரச்சினையே இல்லை. அவர்களுக்குக் கூடுதலாகக் கொஞ்சம் சொல்லிக்கொடுத்தால் நட்டமில்லை. தப்பிப்போன அந்த 4 பேர்தான் என் கவலை.

அப்புறம், அந்த ஹெட்போன் பையன். நாளை பக்கத்தில் உட்காரவைத்து நானே ஒருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்கப்போகிறேன்.