மின்சாரம் நின்றால் நீர் எங்கே போகும்? கடல்நீர்த் தொட்டிக்கு ஒரு சம்ப்

மார்ச் 3, 2024, ஞாயிறு

கொளத்தூரில் சொல்லிச் செய்த நாலடி மீன்தொட்டி கூடத்துக்கு வந்துவிட்டது. அதன் உள்ளளவு 120 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம். கீழே அலமாரிக்குள் வைக்க வேண்டிய சம்ப்பை, அதாவது மேலிருந்து வழியும் நீரை வடிகட்டித் திருப்பி அனுப்பும் துணைத்தொட்டியை, நானே கட்டப்போகிறேன். ஆயத்தமாக விற்கும் சம்ப்களைப் பற்றிப் பேசும்போது அறைகள் எத்தனை, வடிகட்டிப் பைகள் எத்தனை என்று விரிவாகச் சொல்கிறார்கள்; பம்ப் நின்ற மறு நிமிடம் மேலிருந்து எத்தனை லிட்டர் இறங்கும், அதை இது தாங்குமா என்று கேட்டால் பதில் வருவதில்லை. சென்னைக் கோடையில் கரன்ட் போகாத வாரம் இராது என்பதால், என் கணக்கை அங்கிருந்தே தொடங்குகிறேன்.

மேல்தொட்டியின் நீர்ப்பரப்பு 5,400 சதுர செ.மீ.; அதாவது ஒரு செ.மீ. மட்டம் இறங்கினால் 5.4 லிட்டர். நீரை மேலேற்றும் ரிட்டர்ன் குழாயின் வாய் நீர்மட்டத்துக்கு 2 செ.மீ. கீழே இருப்பதால், பம்ப் நின்றதும் அதே குழாய் சைஃபனாக மாறி, வாய் வெளியே தெரியும்வரை நீரைத் திருப்பி இறக்கும், அது 10.8 லிட்டர். மேல்தொட்டியில் வழியும் நீரைப் பிடித்துச் சம்ப்புக்கு இறக்கும் ஓவர்ஃப்ளோ பெட்டியில் தேங்கியிருப்பது ஏறத்தாழ 3 லிட்டர், குழாய்களில் நிற்பது 2 லிட்டர். மொத்தம் 16 லிட்டருக்குச் சற்றுக் குறைவு. 18 என்று வைத்துக்கொள்கிறேன். குழாயில் நீரை ஒரே திசையில் மட்டும் விடும் நான்-ரிட்டர்ன் வால்வு போட்டால் இந்தக் கவலையே இல்லை என்கிறார்கள். உப்பு படிந்தாலோ ஒரு சிறு நத்தை புகுந்தாலோ அந்த வால்வு முழுதாக மூடாது. ஆகவே அது இல்லை என்றே கணக்கிட வேண்டும்.

மார்ச் 9, சனி

வரைபடம் முடிந்தது. சம்ப்பின் உள்ளளவு 90 செ.மீ. நீளம், 37 அகலம், 40 உயரம். முதல் அறையில் வடிகட்டிப் பையும் புரதக் கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் ஸ்கிம்மரும், இரண்டாம் அறையில் இரவில் மட்டும் விளக்கெரியும் பாசி, கடைசியில் நீரை மேலேற்றும் ரிட்டர்ன் பம்ப். முதல் இரண்டிலும் நீர் 22 செ.மீ., கடைசியில் 20 செ.மீ. நிற்கும். கரன்ட் போய் 18 லிட்டர் இறங்கினால் மட்டம் எங்கும் சமமாகி 27 செ.மீ.க்கு உயரும், அதற்கு மேலும் 13 செ.மீ. இடம் இருக்கிறது.

இதற்கு நேர்மாறான ஆபத்து பலருக்கு நினைவுக்கு வருவதில்லை. ஓவர்ஃப்ளோ வாயில் பாசியோ நத்தையோ அடைத்துக்கொண்டால், பம்ப் தன் அறையில் உள்ள நீரையெல்லாம் மேலே ஏற்றிக்கொண்டே இருக்கும். ஆகவே கடைசி அறையை 26 செ.மீ. நீளத்துக்கு மேல் விடவில்லை. நீர் 20-இலிருந்து பம்ப் காற்றை இழுக்கத் தொடங்கும் 6 செ.மீ. வரை வற்றினாலும் மேலே போவது பதின்மூன்றரை லிட்டர். மேல்தொட்டியில் இரண்டரை செ.மீ. உயரும். அங்கே விளிம்புக்கு 4 செ.மீ. விட்டிருக்கிறேன். அறை பெரிதாக இருந்தால் நல்லது என்ற பொதுவான அறிவுரையை இந்த ஓர் அறைக்கு மட்டும் நான் ஏற்கவில்லை.

மார்ச் 10, ஞாயிறு

பம்ப்புக்குள் குமிழிகள் போகாமல் தடுக்கும் மூன்று தடுப்புக் கண்ணாடிகளுக்கு இடையே ஓரங்குலம் விடுவதுதான் வழக்கம். நீரை மேலேற்றும் உயரத்தால் குறைவதைக் கழித்தால் என் பம்ப் மணிக்கு 1,200 லிட்டர் தள்ளும். ஓரங்குல இடைவெளியில் அது நொடிக்கு 3.6 செ.மீ. வேகத்தில் கீழ்நோக்கி ஓடும், நான்கு செ.மீ. விட்டால் 2.25 ஆகக் குறையும். கடல்நீரில் குமிழிகள் நன்னீரில் உள்ளதைவிடப் பொடியானவை, மெதுவாகவே மேலெழுபவை. ஓட்டம் அவற்றை முந்தினால் எல்லாம் பம்ப்புக்குள் போய், மேல்தொட்டி கோலி சோடா உடைத்தது போலாகிவிடும். நான்கு செ.மீ. என்றே முடிவு செய்தேன்.

தடுப்புக் கண்ணாடிகளை 36.4 செ.மீ. அகலத்துக்கு வெட்டச் சொன்னேன். இரு பக்கமும் மும்மூன்று மி.மீ. சிலிகானுக்கு வேண்டும், கண்ணாடி கண்ணாடியோடு இறுக்கமாகப் பொருந்தினால் பசைக்கு இடமில்லாமல் போவதோடு, உள்ளே இறக்கும்போதே விரிசலும் விடும்.

மார்ச் 16, சனி

ஒட்டி முடித்தாயிற்று. பூஞ்சைக்கொல்லி சேர்க்காத சிலிகானாகத் தேடி வாங்கினேன். குளியலறைக்கென்று விற்பதில் அது கலந்திருக்கும், உயிர்களுக்கு ஆகாது. வீடெங்கும் வினிகர் வாடை. அது முற்றிலும் அடங்கும்வரை நீர் ஊற்றுவதில்லை.

மார்ச் 17, ஞாயிறு

குழாய்ச் சாமான் வாங்கச் சென்றேன். கேட் வால்வு கேட்டதும் கடைக்காரர் பித்தளையில் எடுத்து வைத்து, "இது காலத்துக்கும் வரும் சார்" என்றார். பித்தளையில் பாதிக்கு மேல் செம்பு. கடல்நீரில் அது கரைந்தால் மிகச் சிறிய அளவிலேயே இறாலும் நத்தையும் கடல் சாமந்தியும் மடியும். பி.வி.சி. பால் வால்வே போதும் என்று வாங்கிவந்தேன். திருகாணி, கிளிப் உட்பட நீரைத் தொடும் எந்த இடத்திலும் உலோகம் இல்லை.

கூடவே இன்னொன்றையும் எழுதிவைக்கிறேன். கடினப் பவளங்கள் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. கடலிலிருந்து வந்ததென்று யார் எதைக் காட்டினாலும் அந்தப் பக்கம் போவதில்லை. பாறைகள் பீங்கானில் செய்தவை. மீன்கள் பண்ணையில் பொரித்த கோமாளி மீன்கள்.

மார்ச் 24, ஞாயிறு

நன்னீர் ஊற்றிப் பார்த்ததில் கசிவு இல்லை.

ஆவியாதலின் இழப்பு முழுவதும் கடைசி அறையில்தான் தெரியும், ஏனெனில் மற்ற அறைகளின் மட்டத்தைத் தடுப்புக் கண்ணாடிகள் பிடித்துவைக்கின்றன. மின்விசிறி வைத்துக் குளிர்விக்கும் தொட்டியில் நாளொன்றுக்கு 4 லிட்டர் போனால், அந்த அறையில் மட்டும் 4 செ.மீ.க்கு மேல் இறங்கும். உப்பு ஆவியாவதில்லை என்பதால் ஆர்.ஓ. நீரைத்தான் ஈடாக விட வேண்டும். அதற்கொரு மிதவை வால்வு பொருத்தியிருக்கிறேன். மிதவை சிக்கிக்கொண்டாலும் கேடு வராதபடி, அதற்கு நீர் தரும் கேனின் அளவை 10 லிட்டரோடு நிறுத்திவிட்டேன். மொத்தமும் இறங்கினால்கூட உப்புத்தன்மை ஆயிரத்துக்கு 35-இலிருந்து 34-க்குச் சற்றுக் கீழே வரும், மீன்கள் தாங்கும்.

ஏப்ரல் 7, ஞாயிறு

உப்புநீருடன் இன்று சோதனை. பம்ப் முழு வேகத்தில் ஓடும்போது மெயின் சுவிட்சை அணைத்தேன். சம்ப்பின் மட்டம் 5 செ.மீ.க்குச் சற்றுக் குறைவாக ஏறி நின்றது. ஓவர்ஃப்ளோ வாயைத் துணியால் அடைத்தும் பார்த்தேன். மேல்தொட்டியில் விளிம்புக்கு ஒன்றரை செ.மீ. மீதி இருக்கையில் பம்ப் வெறும் காற்றை இழுத்து உறுமத் தொடங்கியது.

மீண்டும் சுவிட்சைப் போட்டபோதுதான் கவனிக்க வேண்டியது ஒன்று தென்பட்டது. இறங்கிய நீரை மேலேற்றப் பம்ப்புக்கு ஒரு நிமிடம் ஆகிறது. அதுவரை ஸ்கிம்மர் தனக்குரிய ஆழத்தைவிட 5 செ.மீ. அதிகமான நீரில் நின்று ஓடுவதால், நுரைக்குப் பதில் நீரே பொங்கி, நுரை சேரும் கோப்பையை நிரப்பிவிடுகிறது. ஸ்கிம்மரை மட்டும் சற்றுத் தாமதமாகத் தொடங்க வைத்தால் போதும். கரன்ட் வந்து மூன்று நிமிடம் கழித்தே மின்சாரம் விடுகிற பழைய ஃபிரிட்ஜ் ஸ்டெபிலைசர் ஒன்று பரணில் இருந்தது. ஸ்கிம்மரின் பிளக்கை அதில் செருகி மறுபடி அணைத்துப் போட்டேன். கோப்பை காலியாகவே இருந்தது.