கார்த்திகை மழையும் சைலன்சர் வாயும்

17 நவம்பர் 2024, ஞாயிறு

பாலிஷ் போடப்போகும் கார் சைலன்சர் குழாயின் முனையில் காந்தம் ஒட்டவில்லை. ஒரு சாண் உள்ளே, மஃப்ளரோடு (சத்தத்தைக் குறைக்கும் பெட்டி) சேரும் குழாயில் டக்கென்று ஒட்டுகிறது. ஆக, முனை 304 ரக ஸ்டெயின்லெஸ். பின்னால் இருப்பது காந்தம் ஒட்டும் 409 ரகம், இல்லாவிட்டால் அலுமினியம் பூசிய இரும்பு. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. 304-ல் குரோமியம் 18 சதவீதம், நிக்கல் 8. உழைப்புக்கு ஏற்ற பளபளப்பு கிடைக்கும். 409-ல் குரோமியம் 11 சதவீதத்தை ஒட்டித்தான், நிக்கல் கிட்டத்தட்ட இல்லை. கண்ணாடி மாதிரி ஆக்கினாலும் கடற்காற்று பட்டதும் பழுப்பு படரும். அலுமினியப் பூச்சைத் தேய்த்தால் பூச்சே போய்விடும். எனவே எமரித் தாள் முனையைத் தாண்டக் கூடாது.

குரோம் பூசிய முனையாக இருந்தால் எமரியையே தொட வேண்டாம். மேலே உள்ள குரோம் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. அலுமினியம் ஃபாயிலைக் கசக்கி, தண்ணீரில் நனைத்துத் தேய்த்தாலே மேல்துரு போய்விடும். குரோமை விட அது மென்மை, கீறாது.

கீழ் உதட்டில், வெல்டிங் ஓரமாக, கடுகளவு ஒரு குழி.

18 நவம்பர், திங்கள்

கரி நாள். குழாய் முழுக்க ஆறிய பிறகுதான் கை வைக்க வேண்டும். உள்ளே கந்தல் துணி அடைத்தாயிற்று. அதில் சிவப்பு நாடா, அதே மாதிரி இன்னொரு நாடா ஸ்டீயரிங்கில். துணியை மறந்து ஸ்டார்ட் செய்கிறவர்கள் உண்டு.

பெட்ரோல் வண்டியில் உலர்ந்த கரி கொஞ்சம் இருப்பது சகஜம். விரலில் பிசுபிசுவென எண்ணெயோடு வந்தால் இன்ஜின் ஆயில் எரிகிறது. பாலிஷைத் தள்ளிவைத்து முதலில் அதைப் பார்க்க வேண்டும். பி.எஸ்.6 டீசலில் (2020 ஏப்ரலுக்குப் பின் வந்தவை) குழாய் உள்பக்கம் கருகருவென்றிருந்தால் புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். ஃபில்டர் உடைந்திருக்கிறதா என்று சந்தேகப்பட வேண்டும்.

கரியை எடுக்க மண்ணெண்ணெய், பழைய பல் துலக்கும் பிரஷ், கால் மணி நேர ஊறல். அதன் பின் பாத்திரம் கழுவும் சோப்பு. குத்துவிளக்கு ஞாபகத்தில் புளியைக் கொண்டு வருகிறார்கள். புளியின் அமிலம் பித்தளையில் படிந்த களிம்பைக் கரைக்கும். கரி இந்த மாதிரி அமிலத்துக்கு அசையாது. கக்கூஸ் கழுவும் ஆசிட் இன்னும் மோசம். அதிலிருக்கும் குளோரைடு ஸ்டெயின்லெஸ்ஸைக் குழி குழியாகத் தின்னும்.

இரும்பு வயர் பிரஷ், சாதா ஸ்டீல் வுல் இரண்டும் வேண்டாம். உதிரும் இரும்புத் துகள் முனையில் பதிந்து, அதுதான் மறுவாரம் துருப்பிடிக்கும். ஜனங்கள் ஸ்டெயின்லெஸ்ஸைத் திட்டுவார்கள்.

19 நவம்பர், செவ்வாய்

மழை. ஒன்றும் நடக்கவில்லை.

20 நவம்பர், புதன்

வாட்டர் பேப்பர், அதாவது தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் எமரித் தாள். 400, 600, 800, 1000, 1500, 2000; நம்பர் ஏற ஏறத் தாள் மென்மை. ஒரு வாளித் தண்ணீர், இரண்டு சொட்டு சோப்பு. 400-ஐக் குழாயைச் சுற்றி ஓட்டினால் 600-ஐ நீளவாக்கில் ஓட்ட வேண்டும், பிறகு மறுபடி சுற்றி. எதற்கு என்றால், குறுக்கே ஓடும்போதுதான் முந்தைய நம்பரின் கீறல் தனியாகக் கண்ணில் படும். அது முழுக்க மறையும் வரை அடுத்த தாளை எடுக்கக் கூடாது.

நேரத்தில் பாதிக்கு மேல் 400-க்கே போகும், போகட்டும். 800-லிருந்து ஒவ்வொன்றும் சில நிமிட வேலை. எல்லோரும் இதைத் தலைகீழாகத்தான் செய்கிறார்கள்: 400-ல் அவசரம், 2000-ல் தியானம்.

குழி அப்படியே இருக்கிறது.

21 நவம்பர், வியாழன்

ட்யூப்லைட் வெளிச்சத்தில் ஒன்றும் தெரியவில்லை. டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் மேல் வளைவில் 400-ன் கீறல் மூன்று. திரும்ப 400.

23 நவம்பர், சனி

வெயில்! பஃபிங், அதாவது சுழலும் வீலால் மெருகேற்றும் வேலை.

டிரில் மெஷின் 2800 சுற்று, மூன்று அங்குல வீல். முதலில் சணல் வீல், பிறகு தையல் போட்ட பருத்தி வீல், கடைசியில் தைக்காத பருத்தி. வீலில் தடவும் மெருகுக் கட்டியைச் சோப்பு என்பார்கள். ஸ்டெயின்லெஸ்ஸுக்குப் பச்சை சோப்பு, அதாவது குரோமியம் ஆக்சைடு. பழுப்பு சோப்பு அலுமினியத்துக்கும் பித்தளைக்கும். ஒரு வீலுக்கு ஒரே சோப்பு. கலந்தால் மென்மையான வீலிலும் முரட்டுத் துகள் ஏறிவிடும். ஆங்கிள் கிரைண்டரில் மாட்டிவிடலாமே என்பார்கள். அது 11,000 சுற்று, பருத்தி வீல் பிய்ந்து முகத்துக்கு வரும்.

சோப்பை ஓடும் வீலில் ஒரு நொடி தொட்டால் போதும். முனையில் கறுப்புத் தீற்றல் விழுந்தால் சோப்பு அதிகம் என்று அர்த்தம். சாக்பீஸ் பொடி தூவித் துடைத்தால் போய்விடும். வீல் உதட்டை விட்டு வெளியே ஓடும்படி பிடிக்க வேண்டும். விளிம்புக்கு எதிராகப் போனால் மெஷினையே பிடுங்கும். கண்ணாடி, மாஸ்க் கட்டாயம். துணிக் கையுறை கூடாது, நூல் சிக்கினால் விரலும் போகும்.

அழுத்தித் தேய்க்காதே. மெல்லிய தகடு, சூடு சேரும். 304 சுமார் 290 டிகிரியில் வெளிர் மஞ்சளாகும், 450-ல் கரும் ஊதா, 540-ல் நீலம்.

மேல் வளைவில் முகம் தெரிகிறது. குழியும் தெரிகிறது, முன்பை விடத் தெளிவாக.

24 நவம்பர், ஞாயிறு

குழியைத் தோண்டி எடுக்க ஆசையாக இருக்கிறது. கூடாது. அந்த இடத்தை மட்டும் தேய்த்தால் பள்ளமாகி, பிம்பம் நெளியும். கடுகளவு குற்றம் உள்ளங்கை அளவாகிவிடும். குழிக்குள் உப்பு தங்கி, ஆக்சிஜன் குறைந்து, ஸ்டெயின்லெஸ்ஸைக் காக்கும் ஆக்சைடு படலம் அங்கே மீண்டும் உருவாவதில்லை. அதனால் அது மேலே விரியாமல் உள்ளே போகும்.

செய்யக்கூடியது: ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 100 கிராம் சிட்ரிக் ஆசிட், துணியில் நனைத்து 20 நிமிடம் சுற்றி வைத்தல், நிறையத் தண்ணீரில் கழுவி உடனே உலர்த்தல். துகள் இரும்பைக் கரைத்து, படலத்தைத் திரும்பக் கட்டும்.

மெழுகு பூசவில்லை. கர்னாபா மெழுகே 85 டிகிரி வாக்கில் உருகிவிடும்.

27 நவம்பர், புதன்

புயலாக மாறுமாம். மாறாதாம்.

உள்ளிருந்து சொட்டும் தண்ணீரைப் பார்த்துப் பதற வேண்டாம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வரும். பால் வாங்க மட்டும் எடுக்கிற வண்டியில் குழாய் சூடேறுவதற்குள் பயணம் முடிந்துவிடும், அது மஃப்ளருக்குள்ளேயே தங்கும். மஃப்ளர் அடியில் சிறு துளை இருந்தால் அது ஓட்டை அல்ல, வடிகால். எம்-சீல் வைத்து அடைக்காதீர்கள். கீழ் உதட்டில் மட்டும் குழி விழுவதற்கும் இந்த நீர்தான் காரணம், வேறென்ன.

29 நவம்பர், வெள்ளி

புயலுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். ஃபெஞ்சல்.

30 நவம்பர், சனி

தெருவில் கணுக்கால் வரை. இன்ஜின் ஓடும்போது புகையின் அழுத்தம் தண்ணீரை வெளியே தள்ளும். நின்ற வண்டியில் குழாய் வாய் மூழ்கினால் மஃப்ளர் நிரம்பும். ஏர் ஃபில்டர் வழியாக சிலிண்டருக்குள் போனால் பிஸ்டனைத் தள்ளும் கனெக்டிங் ராடே வளையும். மூழ்கிய வண்டியைச் சாவி போட்டுப் பார்ப்பது என்ற பேச்சே வேண்டாம்.

வண்டியின் பின்பக்கம் தெருவை நோக்கித் தாழ்ந்து நிற்கிறது. இப்போதே திருப்பி நிறுத்த வேண்டும். முதலில் துணியை