மேல்வீட்டுச் சத்தமும் மாடிப்படிக் கூட்டமும்: குடியிருப்புத் தொந்தரவுகள் பற்றி ஒரு நாட்குறிப்பு

ஜனவரி 6

குடியிருப்பில் தொந்தரவு என்று எங்களிடம் வரும் புகார்த் தாளின் முதல் வரி பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது: "மேல்வீட்டுக்காரர்கள் எப்போது பார்த்தாலும் சத்தம்." இதைக் கையில் வைத்துக்கொண்டு யாரிடம் போய் என்ன கேட்பது? "எப்போது சத்தம் போட்டோம், சொல்லுங்கள்" என்று மேல்வீட்டார் திருப்பிக் கேட்டால் அதோடு பேச்சு முடிந்தது.

ஆகவே புகார் கொடுப்பவரிடம் முதலில் 14 நாளைக்கு ஒரு பதிவுத்தாள் கொடுக்க வேண்டும். தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், எந்த அறையில் கேட்டது, ஜன்னல் திறந்திருந்ததா, என்ன மாதிரிச் சத்தம், அதனால் என்ன கெட்டது, வேறு யார் கேட்டார்கள். உருப்படியான ஒரு பதிவு இப்படி இருக்கும்:

"11ஆம் தேதி, இரவு 1.40 முதல் 2.25 வரை. படுக்கையறை. ஜன்னல் மூடியிருந்தது. பாட்டின் வார்த்தை கேட்கவில்லை, டும் டும் என்பது மட்டும். குழந்தை இரண்டு முறை எழுந்துவிட்டது."

வார்த்தை கேட்கவில்லை, டும் டும் மட்டும் என்ற ஒரு குறிப்பே பாதி வேலையை முடித்துவிடுகிறது. சத்தம் ஜன்னல் வழியாக வரவில்லை, தரை வழியாக இறங்குகிறது என்று பெரும்பாலும் அப்போதே தெரிந்துவிடும்.

இரண்டு விஷயத்தைத் தாள் கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும். "குடித்துவிட்டு ரகளை செய்தார்கள்" என்று எழுதக் கூடாது, அது ஊகம். "பாட்டில் உடையும் சத்தம், பிறகு மூன்று பேர் கத்தினார்கள்" என்று எழுதலாம். அடுத்தது, சத்தமே இல்லாத நாளிலும் "இன்று ஒன்றுமில்லை" என்று ஒரு வரி எழுத வேண்டும். 14 நாளும் நிரம்பி வழிகிற தாளை விட, ஐந்து நாள் காலியாக இருக்கும் தாளைத்தான் அதிகாரியும் நீதிமன்றமும் நம்பும்.

ஜனவரி 9

தாள் வந்ததும் தரம் பிரிப்பு. குழந்தை ஓடுவது, நடக்கும் சத்தம், கழிப்பறைத் தண்ணீர், இரவு ஷிஃப்ட் முடிந்து வருபவர் கதவு திறப்பது இவையெல்லாம் வாழ்க்கைச் சத்தம். அதற்காக யாருக்கும் எச்சரிக்கைக் கடிதம் போகக் கூடாது. அங்கே குற்றவாளி கட்டடம்தான். தெரியாமல் செய்வது இன்னொரு தரம், தெரிந்தே செய்வது மற்றொன்று. மிரட்டல், ஆயுதம், அடிதடி, ஒருவரின் இனத்தையோ மதத்தையோ உடல் குறையையோ குறிவைத்த ஏச்சு ஆகியவற்றுக்குப் பதிவுத்தாள், 14 நாள் என்ற பேச்சே கிடையாது. அன்றே காவல்துறை.

இன்னொன்றைத் தனியாகக் குறித்து வைக்கிறோம். ஒரே வீட்டிலிருந்து கத்தல், பொருள் உடைவது, அழுகை, பிறகு திடீர் அமைதி என்று திரும்பத் திரும்ப வந்தால், அது சத்தப் புகாராக வந்திருக்கும் குடும்ப வன்முறையாக இருக்கலாம். அந்த வீட்டுக்கு வழக்கமான எச்சரிக்கைக் கடிதம் அனுப்பினால் அடிவாங்குகிறவர்தான் அதற்கும் அடிவாங்குவார். வாசலில் நின்று இருவரையும் சேர்த்து விசாரிப்பதும் தவறு. பாதிக்கப்பட்டவரைத் தனியாகச் சந்திக்கத் தெரிந்த உதவி அமைப்புக்கு விஷயம் போக வேண்டும். நடந்துகொண்டிருக்கும்போதே புகார் வந்தால் காவல்துறையைத்தான் கூப்பிட வேண்டும்.

ஜனவரி 14

சத்தம் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. வருகிற புகாரில் பெரும்பங்கு அதுதான்.

காற்று வழிச் சத்தம் வேறு, தரையில் தட்டுவதாலோ மோதுவதாலோ பிறக்கும் தட்டு வழிச் சத்தம் வேறு. பேச்சு, டிவி, நாய் குரைப்பு எல்லாம் காற்று வழி. கதவிடுக்கையும் குழாய் நுழையும் ஓட்டையையும் அடைத்தாலே கணிசமாகக் குறையும். நாற்காலி இழுப்பது, குதிகால், துணி துவைக்கும் இயந்திரம் இவை தட்டு வழி. கீழ்வீட்டுக்காரர் தன் கூரையில் செலவழித்து எதை ஒட்டினாலும் பெரிய பலன் இருக்காது, ஏனென்றால் சத்தம் சுவர் வழியாகச் சுற்றி இறங்கிவிடும். பிறக்கிற இடத்தில்தான் அடக்க வேண்டும். நாற்காலிக் காலுக்கு ஃபெல்ட், நடைபாதைக்குத் தடித்த விரிப்பு, இயந்திரத்தை மட்டப்பலகை வைத்துச் சமன் செய்து அடியில் ரப்பர் பட்டை. சப்-வூஃபரை (தாழ் ஒலிக்கான ஒலிபெருக்கிப் பெட்டி) தரையிலிருந்து தூக்கி ஃபோம் மேல் வைத்து, அறையின் மூலையிலிருந்து தள்ளி வைத்தால் டும் டும் குறையும். மூலையில் வைத்தால் தாழ் ஒலி பெருகும்.

எண்ணைப் பொறுத்தவரை: உலக சுகாதார நிறுவனத்தின் 1999ஆம் ஆண்டு வழிகாட்டுதல், படுக்கையறைக்குள் சராசரி 30 டெசிபல், தனித்தனிச் சத்தம் 45 டெசிபல் என்று வரம்பு சொன்னது. 10 டெசிபல் கூடினால் காதுக்கு ஏறக்குறைய இரு மடங்காகப் படும். கைபேசிச் செயலி காட்டும் எண்ணை ஆதாரமாக நீட்ட வேண்டாம். ஒவ்வொரு கைபேசியின் மைக்கும் ஒவ்வொரு மாதிரி, அதிலும் தாழ் ஒலியைப் பெரும்பாலானவை சரியாகப் பிடிப்பதில்லை. அளவுதிருத்தம் செய்த மீட்டரில்கூட, மனிதக் காது கேட்கும் விதத்துக்கு ஏற்பக் கணக்கிடும் வழக்கமான 'ஏ' எடையிட்ட அளவு தாழ் ஒலியைக் குறைத்தே காட்டும். பாட்டின் அடிச்சத்தம்தான் பிரச்சினை என்றால், தாழ் ஒலியை அவ்வளவு குறைக்காத 'சி' அளவையும் சேர்த்து எடுக்கச் சொல்ல வேண்டும்.

ஜனவரி 15

நேற்று விட்டுப்போனது: கதவு. இரவு நேரப் புகார்களில் "யாரோ வேண்டுமென்றே கதவை அறைகிறார்கள்" என்று வருவதில் பல, பொதுக்கதவின் மேலே இருக்கும், கதவைத் தானாக மூடும் டோர் குளோசர் செய்கிற வேலை. அந்தப் பெட்டியின் பக்கவாட்டில் பொதுவாக இரண்டு திருகு இருக்கும். ஒன்று கதவு மூடி வரும் வேகத்துக்கு. மற்றது கடைசி 10, 15 டிகிரியில் தாழ்ப்பாள் விழும் வேகத்துக்கு. அறைகிற கதவுக்கு இரண்டாவது திருகை வலப்பக்கமாகத் திருப்ப வேண்டும். ஒரு முறைக்குக் கால் சுற்றுக்கு மேல் கூடாது, ஒவ்வொரு முறையும் கதவைத் திறந்து மூடிப் பார்க்க வேண்டும். இடப்பக்கமாக நிறையத் திருப்பினால் திருகு வெளியே வந்து எண்ணெய் பீய்ச்சிவிடும். ஏற்கெனவே எண்ணெய் கசிந்து கதவில் கோடு இறங்கியிருந்தால் திருகிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். குளிர்காலத்தில் எண்ணெய் கெட்டிப்படும், வெயில் காலத்தில் இளகும். பருவம் மாறும்போது மறுபடி பார்க்க வேண்டும்.

ஒரு ஸ்க்ரூ டிரைவரில் முடிகிற பகை இது. ஆனால் யாரும் மேலே அண்ணாந்து பார்ப்பதில்லை.

ஜனவரி 22

முதல் பேச்சு. சத்தம் நடக்கும் இரவு 2 மணிக்குப் போகக் கூடாது, மறுநாள் மாலை போக வேண்டும். இரண்டு பேர் போதும். ஐந்து பேர் போனால் அது முற்றுகை. புகார் கொடுத்தவர் பெயரைச் சொல்லக் கூடாது. ஆனால் நேரத்தையும் இடத்தையும் துல்லியமாகச் சொன்னால் பெயர் தானே தெரிந்துவிடும் என்பதையும் மறக்கக் கூடாது. ஆகவே என்ன சொல்லப்போகிறோம் என்று புகார்தாரரிடம் முன்பே கேட்டுக்கொண்டு போவது நல்லது.

தொடக்கம் கேள்வியாக இருந்தால் பேச்சு நகரும். "11ஆம் தேதி ராத்திரி ஒன்றே முக்காலுக்குப் பாட்டுச் சத்தம் கீழே இறங்கியதாகச் சொல்கிறார்கள், உங்களுக்குத் தெரியுமா?" தெரியாது என்பதுதான் பல சமயம் உண்மையான பதில். பேசி முடிந்த இரண்டு நாளுக்குள் ஒரு பக்கச் சீட்டு போக வேண்டும்: என்ன பேசினோம், அவர் எதற்கு ஒப்புக்கொண்டார், எந்தத் தேதியில் மறுபடி பார்ப்போம். மறுபார்வைத் தேதி இல்லாத சீட்டு வெறும் காகிதம்.

கதவிடுக்கில் செருகும் பெயரில்லாக் கடிதம், வாட்ஸ்அப் குழுவில் போடும் வீடியோ, நோட்டீஸ் பலகையில் வீட்டு எண் இவை மூன்றும் காரியத்தைக் கெடுக்கும். அவமானப்பட்டவர் அடுத்த நாளிலிருந்து வேண்டுமென்றே செய்வார். அதுவரை தெரியாமல் செய்தவர் தரம் மாறிவிடுவார்.

பிப்ரவரி 3

மாடிப்படிக் கூட்டம், நுழைவாயில் கூட்டம். யார் என்று கேட்பதற்கு முன்னால், ஏன் இங்கே என்று கேட்க வேண்டும். கட்டடத்தின் வரைபடத்தில் பதிவுத்தாளின் ஒவ்வொரு சம்பவத்தையும் புள்ளியாக வைத்துப் பார்த்தால் பத்தில் ஏழு ஒரே இடத்தில் குவிந்திருக்கக் கூடும். அந்த இடத்துக்கு அந்த நேரத்திலேயே போய்ப் பார்க்க வேண்டும். மழைக்கு ஒதுங்கக் கூரை, சார்ஜ் போட பிளக், பூட்டாத பின்கதவு, எந்த ஜன்னலிலிருந்தும் தெரியாத மூலை இவற்றில் ஏதோ ஒன்று இருக்கும். யாருடைய பார்வையிலும் படாத, யாருக்கும் சொந்தமாகப் படாத இடம்தான் கெடுகிறது என்று கட்டடக் கலைஞர் ஆஸ்கர் நியூமன் 1972இல் எழுதினார். அதில் எல்லாமே ஏற்கத்தக்கது இல்லை, ஆனால் இந்த ஒன்று நிற்கிறது.

விளக்குக்குப் பலன் உண்டு. நியூயார்க்கின் அரசுக் குடியிருப்புகளில் குலுக்கல் முறையில் தேர்ந்த இடங்களில் கோபுர விளக்கு வைத்துச் செய்த ஆய்வில், வெளிப்புற இரவு நேரக் கடுங்குற்றங்கள் ஏறக்குறைய 36 சதவீதம் குறைந்ததாக 2019இல் வெளியிட்டார்கள். ஆனால் ஒரே ஒரு பிரகாசமான விளக்கை வாசலில் மாட்டுவது தவறு. கண் கூசும், பக்கத்து இருட்டு இன்னும் கறுப்பாகும். குறைந்த ஒளியாக இருந்தாலும் சீராகப் பரவ வேண்டும். கைக்கு எட்டும் உயரத்தில் என்றால் ஐகே10 தரமுள்ள கூண்டு வேண்டும். 20 ஜூல் அடியைத் தாங்கும் என்பது அதன் பொருள். புதர்வேலி 1 மீட்டருக்கு மேல் வளரக் கூடாது, மரக்கிளை 2 மீட்டருக்குக் கீழே தொங்கக் கூடாது. நடுவில் கிடைக்கும் அந்த ஒரு மீட்டரில்தான் எதிரே நிற்பவரின் முகமும் தோளும் தெரியும்.

இளைஞர்களுக்கு மட்டும் கேட்கும் 17 கிலோஹெர்ட்ஸ் சீழ்க்கைப் பெட்டியை வாங்கலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். அது தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்கும் கேட்கும், சொல்லத் தெரியாது. பெஞ்சைப் பிடுங்குவதும் இதே ரகம்தான். கூட்டம் படிக்கட்டில் உட்கார்ந்துகொள்ளும், முழங்கால் வலிக்காரர் உட்கார இடமில்லாமல் போவார்.

பிப்ரவரி 5

பகலில் பந்து விளையாடும் குழந்தைகள் சமூக விரோதிகள் அல்லர். இதைத் தனிப் பதிவாகவே எழுதி வைக்கிறோம்.

பிப்ரவரி 12

சுவர்க் கிறுக்கல். முதலில் படம் எடுக்க வேண்டும், பிறகு அழிக்க வேண்டும், அதுவும் 24 மணி நேரத்துக்குள். நியூயார்க் சுரங்க ரயில் 1984இல் தொடங்கிய திட்டத்தில், ஒருமுறை சுத்தம் செய்த பெட்டியை மறுபடி கிறுக்கலோடு ஓடவிடுவதில்லை என்று விதி வைத்தார்கள். 1989 மே மாதத்தில் எல்லாப் பெட்டியும் சுத்தம். எழுதியதை நாலு பேர் பார்ப்பதுதான் எழுதியவனுக்குக் கூலி. அந்தக் கூலியை நிறுத்தினார்கள்.

செங்கல்லில் கரைப்பான் போட்டு ஊறவிட்டு, வெந்நீரும் நைலான் பிரஷும். கம்பிப் பிரஷ் கூடாது. அழுத்தத் தண்ணீரைப் பக்கத்தில் பிடித்து அடித்தால் செங்கல்லின் தோல் உரிந்து, அடுத்த பெயிண்ட் இன்னும் ஆழமாக இறங்கும். முதலில் ஒரு சாண் இடத்தில் சோதித்துப் பார்க்க வேண்டும். நிழல் போலக் கறை மிஞ்சினால் மாவுப்பற்றாக வரும் மருந்து பூசி, காய்ந்ததும் சுரண்ட வேண்டும். திரும்பத் திரும்பக் கெடும் சுவருக்கு, கழுவும்போது அழுக்கோடு தானும் போகும் மெழுகுப் பூச்சு உண்டு. கழுவிய ஒவ்வொரு முறையும் மறுபடி பூச வேண்டும். பல இடத்தில் இதை மறந்துவிட்டு, பூச்சு வேலை செய்யவில்லை என்கிறார்கள்.

உடைந்த ஜன்னலை விட்டால் தெருவே கெடும் என்று 1982இல் வந்த கட்டுரையை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். எங்களுக்கு அதைவிடப் பயன்பட்டது 1997இல் சிகாகோவின் 343 பகுதிகளில் 8,782 பேரைக் கேட்டு எழுதிய ஆய்வு. ஒருவரையொருவர் நம்புகிற, தப்பு நடந்தால் தலையிடுவோம் என்று சொல்லுகிற பகுதியில், வறுமையைக் கணக்கில் கொண்ட பிறகும் வன்முறை குறைவாக இருந்தது. பக்கத்து வீட்டார் பெயர் தெரிந்திருப்பது பெயிண்டை விட முக்கியம் என்று அதைப் படிக்கலாம்.

மார்ச் 2

கேமரா. கட்டட நுழைவாயில், லிஃப்ட், குப்பைத் தொட்டி இடம் ஆகியவற்றில் வைக்கலாம். எவர் வீட்டுக் கதவும் ஜன்னலும் படத்தில் விழக் கூடாது. "கேமரா உள்ளது" என்ற பலகை வேண்டும், யார் பார்க்கலாம் என்று இரண்டு பேரை எழுத்தில் நியமிக்க வேண்டும், பழைய பதிவு தானே அழிய வேண்டும். பொதுவாக 30 நாள் போதும். சம்பவம் நடந்ததும் அந்தப் பகுதியைத் தனியே எடுத்து வைக்காவிட்டால், கேட்கும் நாளில் அது அழிந்திருக்கும். கேமராவின் கடிகாரம் 12 நிமிடம் பிந்தி ஓடினால், பதிவுத்தாளோடு பொருந்தாமல் இரண்டுமே மதிப்பிழக்கும். மாதம் ஒருமுறை கடிகாரத்தைச் சரிபார்க்கவும்.

மார்ச் 10

பேச்சு, சீட்டு, மறுபார்வை எல்லாம் ஆன பிறகும் தொடர்ந்தால் சமரசக்காரர். இரு தரப்பையும் முதலில் தனித்தனியாகப் பார்த்த பிறகே ஒன்றாக உட்கார வைக்க வேண்டும். மிரட்டல் இருந்த வழக்கில் சமரசம் கூடாது, பயந்தவர் எதற்கும் தலையாட்டிவிடுவார்.

அதற்கு மேலே சட்டம். ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொன்று, ஆனால் படிக்கட்டு ஒரே மாதிரி. இங்கிலாந்து, வேல்ஸில் 2014ஆம் ஆண்டு சமூக விரோத நடத்தைச் சட்டத்தில், தொல்லையை நிறுத்தச் சொல்லும் சமூகப் பாதுகாப்பு நோட்டீஸ் கொடுப்பதற்கு முன் எழுத்தில் எச்சரிக்கை கொடுத்தாக வேண்டும். தொல்லை தரும் வீட்டையே மூன்று மாதம் வரை பூட்ட நீதிமன்றம் உத்தரவிடலாம், நீட்டித்தாலும் மொத்தம் ஆறு மாதத்தைத் தாண்டாது. நடவடிக்கை போதாது என்று நினைக்கும் புகார்தாரர், வழக்கைச் சம்பந்தப்பட்ட அமைப்புகள் எல்லாம் கூடி மறுஆய்வு செய்யக் கோரலாம். இந்தக் கடைசி ஏற்பாடு எல்லா நாட்டிலும் இருக்க வேண்டியது. காவல்துறை வீட்டு நிர்வாகத்தைக் காட்டும், நிர்வாகம் உள்ளாட்சியைக் காட்டும், புகார்தாரர் மூன்று வாசலிலும் நிற்பார்.

மேலே ஏறும் முன் கேட்க வேண்டிய ஒன்று: செய்கிறவருக்கு மனநோயோ, மறதிநோயோ, போதைப் பழக்கமோ இருக்கிறதா? இரவெல்லாம் சுவரைத் தட்டும் முதியவருக்கு நோட்டீஸ் கொடுத்து என்ன பயன்? மருத்துவரும் சமூகப் பணியாளரும்தான் அங்கே தேவை.

மார்ச் 24

கோப்பை மூடுவது. நான்கு வாரம் பதிவுத்தாளில் ஒன்றும் இல்லை என்றால் புகார்தாரரை அழைத்துக் கேட்க வேண்டும். அவர் எழுதுவதை நிறுத்தியது சத்தம் நின்றதாலா, சலித்துப்போனதாலா என்பது தாளில் தெரியாது. நின்றது என்றால் இரு வீட்டுக்கும் ஒரே நாளில் தனித்தனிக் கடிதம். சத்தத்தைக் குறைத்த வீட்டுக்குப் போகும் கடிதத்தில் நன்றி என்ற சொல் இருக்க வேண்டும், பலரும் விட்டுவிடுவது இதைத்தான். கோப்பின் மேலட்டையில் மூடிய தேதி, தீர்த்தது எது என்று ஒரு வரி: "ரப்பர் பட்டை", "பின்கதவுப் பூட்டு", "குளோசர் திருகு, கால் சுற்று".