குமரிக்குப் போனால் குளத்தைப் பாருங்கள்

மெமரி கார்டில் இருந்து படங்கள் இன்னும் முழுசாக ஏறி முடியவில்லை, அதற்குள் எழுத உட்கார்ந்துவிட்டேன். ஆறவிட்டால் இந்தச் சூடு போய்விடும்.

கன்னியாகுமரி என்றதும் எல்லாருக்கும் ஞாபகம் வருவது சூரிய உதயம், விவேகானந்தர் பாறை, திருவள்ளுவர் சிலை, படகுக்கு நிற்கிற வரிசை. நாகர்கோவிலில் இருந்து அவர்கள் வந்த பஸ் சுசீந்திரம் குளத்தை ஒட்டித்தான் வந்திருக்கும். ஜன்னலுக்கு வெளியே கூழைக்கடா மிதந்துகொண்டு இருந்திருக்கும். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம். இந்த மாவட்டத்தில் பறவைகளைப் படம் எடுக்கக் கேமராவோடு இறங்கினால் முதலில் போகவேண்டியது கடற்கரைக்கு இல்லை, குளத்தங்கரைக்கு.

செலவை முதலில் சொல்லிவிடுகிறேன், கேட்கிறவர்கள் அதைத்தான் கேட்பார்கள். கன்னியாகுமரி ஊருக்குள் ரூம் போடாதீர்கள். ஐயப்ப சாமிகள் கூட்டமும் பொங்கல் லீவும் சேர்ந்தால் வாடகை எங்கேயோ போய்விடும். நாகர்கோவில் வடசேரி பக்கம் சுமாரான லாட்ஜ் பாதி விலைக்குக் கிடைத்தது. கொசு உண்டு, வெந்நீர் கிடையாது, ஆனால் விடிகாலை பஸ் பிடிக்க அதுதான் வசதி. தூரத்துப் பறவையை இழுத்துக் காட்டுகிற 150-600 லென்ஸை மதுரையிலேயே வாடகைக்கு எடுத்துக்கொண்டேன். அது ஒரு நாளைக்கு ஆயிரத்துச் சொச்சம் தின்றது. அதனால் மற்ற எல்லாவற்றிலும் கையைக் கட்டவேண்டியதாயிற்று.

அப்படி இருக்கையில்தான் அந்த ஆட்டோ. சுசீந்திரத்தில் இருந்து தேரூர் இரண்டு மூன்று கிலோமீட்டர். கேமரா பையைப் பார்த்ததுமே 600 ரூபாய் கேட்டார். எதற்கு அறுநூறு என்றால், "நீங்க வெளியூர்ல இருந்து வாறிய, இருட்டுல வேற வண்டி எடுக்கணும்லா" என்று பதில். இருட்டு எல்லாம் இல்லை, கிழக்கு வெளுத்துவிட்டது. பேசிப் பேசி 250-க்கு இறங்கினார். நான் வண்டியை விட்டு இறங்கும்போது, காத்திருந்ததற்கு என்று இன்னும் நூறு கேட்டார். காத்திருக்கச் சொன்னது யார்? கொடுக்கவில்லை. அந்தச் சண்டையில் பத்து நிமிஷ வெளிச்சம் போனதுதான் எனக்கு ஆத்திரம். இந்தப் பக்கம் போகிறவர்கள் வாடகை பைக் எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது டவுன் பஸ்ஸில் போய் இறங்கி நடங்கள். கரை முழுக்க நடக்கிற தூரம்தான்.

கரையில் ஏறி நின்றதும் ஆட்டோ மறந்துபோயிற்று. ஒரு பக்கம் வயல், ஒரு பக்கம் தண்ணீர், நடுவில் தென்னை. தண்ணீரில் பாதிக்குத் தாமரை. தாமரைக்கு நடுவே முக்குளிப்பான், அதற்கு அப்பால் சீழ்க்கைச் சிறகிகள் கூட்டமாக, வயல் ஓரம் நத்தை குத்தி நாரை. சுசீந்திரம் தேரூர் ஈரநிலத் தொகுதி 2022-ல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. மொத்தம் 94.23 ஹெக்டேர்தான். அந்தச் சின்ன இடத்துக்குள் இத்தனை பறவை வருவதற்குக் காரணம், இங்கே குளமும் வயலும் பிரிந்து இல்லை. வயலில் நத்தை, குளத்தில் மீன், கரையில் பூச்சி. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெய்கிற மாவட்டம் என்பதால் தண்ணீருக்கும் பெரிதாகப் பஞ்சம் இல்லை. மத்திய ஆசியாவில் இருந்து இறங்கி வருகிற பறவைகளுக்கு இந்தியாவில் தரை முடிகிற இடமும் இதுதான்.

இலைக்கோழியைப் பற்றி நிறைய எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தாமரை இலைக்கோழி கரையில் இருந்து பதினைந்து அடியில் நடந்துகொண்டிருந்தது. லென்ஸை முழுக்க இழுத்து அதன் காலைப் பார்த்தேன். விரல் ஒவ்வொன்றும் உடம்போடு பொருந்தாத நீளம், அந்த விரல் முனையில் இன்னும் நீளமான நகம். காலைத் தூக்கும்போது விரல்களை மொத்தமாக மடக்கி எடுக்கிறது, வைக்கும்போது விரித்து வைக்கிறது. எடை பரவிவிடுவதால் இலை அமுங்குவதே இல்லை, ஓரம் மட்டும் லேசாகத் தண்ணீரில் நனைகிறது. ஒரு இலையின் விளிம்பை அலகால் புரட்டி அடியில் ஒட்டியிருந்த எதையோ கொத்தித் தின்றது. வெயில் பட்டபோது இறக்கை வெண்கல நிறத்தில் மின்னியது. கண்ணுக்கு மேலே ஒரு வெள்ளைக் கோடு. இதில் பெண் பெரிது, ஒன்றுக்கு மேற்பட்ட ஆண்களோடு சேரும். முட்டையை அடைகாப்பதும் குஞ்சை வளர்ப்பதும் ஆண். நீளவால் இலைக்கோழியும் இருந்தது, ஆனால் இது இனப்பெருக்கக் காலம் இல்லாததால் அந்த வால் இல்லை, மங்கிய பழுப்பில் நின்றது. வாலோடு வேண்டும் என்றால் மழைக்காலத்தில் வரவேண்டும். நான் வருவேன்.

படம் எடுக்கிறவர்களுக்கு ஒன்று. இங்கே மறைவிடமே தேவையில்லை. கரையில் நாள் முழுக்க ஆட்கள் நடக்கிறார்கள், மாடு போகிறது, பைக் போகிறது. பறவைகளுக்கு அது பழகிவிட்டது. கரையை விட்டு நீங்கள் ஒரு அடி தண்ணீருக்குள் இறங்கினால்தான் பறக்கும். அதனால் கரையிலேயே குப்புறப் படுத்துவிடுங்கள். கண்மட்டத்தில் எடுத்த படமும் நின்றுகொண்டு எடுத்த படமும் ஒன்றாகாது. கொக்கும் நாரையும் வெள்ளை, பின்னால் தண்ணீர் கறுப்பு. எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் குறைக்காவிட்டால் இறகில் ஒரு கோடுகூட மிஞ்சாது. மீசை ஆலா தண்ணீரைத் தொட்டு எழும்புவதற்கு நொடியில் 2000-ல் ஒரு பங்கு ஷட்டர் வேகத்துக்குக் கீழே போகாதீர்கள்.

இன்னொன்றும் சொல்வேன், சிலருக்குப் பிடிக்காது. பறவை மட்டும் பளிச்சென்று, பின்னால் எல்லாம் பச்சைக் கலங்கலாக இருக்கிற படம் எனக்கு அலுத்துவிட்டது. அதை எந்த ஊரில் எடுத்தாலும் ஒன்றுதான். சுசீந்திரம் குளத்தில் நின்றால் தாணுமாலயன் கோயில் கோபுரம் தெரிகிறது. கூழைக்கடா ஒன்று அந்தக் கோபுரத்துக்கு முன்னால் இறக்கையை மடக்கிக்கொண்டு மிதந்ததே, அந்தப் படத்துக்குப் பெரிய லென்ஸ்கூட வேண்டியதில்லை. தேரூரில் மருந்துவாழ் மலையையும் சேர்த்து எடுக்கலாம். பறவை எங்கே வாழ்கிறது என்று காட்டாத படத்தை வைத்துக்கொண்டு அந்த இடத்தைக் காப்பாற்றச் சொல்லி யாரிடம் கேட்பது?

திடீரென்று வேட்டுச் சத்தம். சிறகிகள் மொத்தமும் எழும்பி வானத்தில் ஒரு சுற்று சுற்றின. தாமரைக் குத்தகைக்காரர் ஆள் போட்டு வெடி போடுகிறார். கோபத்தோடு போய்க் கேட்டேன். கரையில் பூக்கட்டை வைத்துக்கொண்டு இருந்த பெரியவர் ஒருவர் சாவகாசமாகச் சொன்னார்.

"மக்கா, நீலக்கோழி வந்து மொட்டையும் தண்டையும் கடிச்சுப் போட்டுட்டுக் கெடக்கு. பூ தோவாளைச் சந்தைக்குப் போனாத்தான் எங்களுக்கு அன்னன்னைக்குக் காசு. அத நாங்க அடிக்கியா? சத்தம் போட்டு ஓட்டுகோம், அவ்வளவுதான்."

"மத்த பறவையும் சேர்ந்துல்ல தாத்தா ஓடுது?"

"அதுக்கு நான் என்ன செய்ய முடியும் மக்ளே, சொல்லு."

அவர் சொன்னது நியாயமில்லை என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நீலத் தாழைக்கோழி தாமரைத் தண்டைக் காலால் பிடித்துக்கொண்டு கிழித்துத் தின்பதை நானே படம் எடுத்திருக்கிறேன். ஆனால் ராம்சர் என்று பெயர் வாங்கிய குளத்தில் பறவை நிம்மதியாக இறங்க ஒரு மூலையாவது தாமரையும் வெடியும் இல்லாமல் விடவேண்டும், அதற்கான குத்தகைப் பணத்தை அரசு குறைத்துக்கொள்ளட்டும். அந்தப் பெரியவர் வயிற்றில் அடிக்காமல் இதைச் செய்ய முடியும்.

குத்தகைக்காரருக்காவது பிழைப்பு இருக்கிறது. காரில் வந்து இறங்கிய ஒரு கும்பலுக்கு என்ன இருந்தது? மஞ்சள் மூக்கு நாரைகள் ஏழெட்டு ஆழமில்லாத தண்ணீரில் மேய்ந்துகொண்டு இருந்தன. அலகைப் பாதி திறந்து தண்ணீருக்குள் விட்டு இப்படியும் அப்படியும் துழாவும், மீன் பட்ட மாத்திரத்தில் மூடும். கண்ணால் பார்த்துப் பிடிப்பது கிடையாது, தொடு உணர்ச்சிதான். அதை வீடியோ எடுத்துக்கொண்டு இருந்தபோது ஒருவன் கல்லை எடுத்து எறிந்தான். பறக்கிற ஷாட் வேண்டுமாம். நான் சத்தம் போட்டுத் தடுத்தேன், பெரிய வாக்குவாதம் ஆயிற்று. பறவை பறக்கும் நேரம் அதற்குத் தெரியும். மேய்கிற பறவையை ஒவ்வொரு முறை எழுப்பும்போதும் அது தின்று சேர்த்ததை நீங்கள் கரைக்கிறீர்கள். பொறுமை இல்லாதவனுக்கு இந்தக் கேமரா எதற்கு? கூடு பக்கம் போவது, போனில் குரல் போட்டுக் கூப்பிடுவது, டிரோன் விடுவது எல்லாம் இதே கணக்கில்தான் சேரும்.

பசி. சுசீந்திரத்தில் ஒரு சின்னக் கடையில் புட்டு, சிறுபயறு, பப்படம், கூடவே மட்டிப்பழம். சுடு புட்டில் பயறை ஊற்றி, பப்படத்தை நொறுக்கிப் போட்டு, பழத்தையும் பிசைந்து சாப்பிட்டேன். மட்டி விரல் அளவுதான், வாசனை தூக்கும். 2023-ல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மொத்தம் 70 ரூபாய். மதிய சாப்பாடு மணக்குடியில், மரச்சீனிக் கிழங்கும் தேங்காய் அரைத்து வைத்த சாளைக் கறியும். இரண்டாம் முறை கறி கேட்டபோது அந்த அக்கா காசு வாங்கவில்லை. அந்தச் சாப்பாட்டுக்காகவே திரும்ப வரலாம்.

மணக்குடி என்றால் பழையாறு கடலில் சேர்கிற இடம். 2004 சுனாமியில் இங்கே இருந்த பாலமே அடித்துக்கொண்டு போனது. இப்போது புதுப் பாலம் இருக்கிறது, காயல் ஓரம் அலையாத்திச் செடிகள் நிற்கின்றன. கருப்பு வெள்ளை மீன்கொத்தி ஒன்று காயலுக்கு மேலே ஒரே இடத்தில் இறக்கையடித்துக்கொண்டு நின்றது. உடம்பு முழுக்கத் துடிக்கிறது, தலை மட்டும் அசையவில்லை. பிறகு நேராகக் கீழே. நான் அமுக்கியதில் பெரும்பாலானவை தண்ணீர்த் தெறிப்பு மட்டும்தான், ஒரே ஒரு படத்தில் அலகில் மீனோடு வெளியே வந்தது. அந்த ஒன்று போதும், லென்ஸ் வாடகை தீர்ந்தது.

அங்கிருந்து புத்தளம் உப்பளம். அளங்களில் மழைத் தண்ணீர் நிற்கிற காலத்தில் உப்பு வேலை கிடையாது. பாத்திகளில் கணுக்கால் தண்ணீர்தான். நெடுங்கால் உள்ளானுக்கும் உப்புக்கொத்திக்கும் இதைவிட நல்ல இடம் எது? கொசு உள்ளான் என்று ஒன்று இருக்கிறது, உள்ளங்கைக்குள் அடங்கும், வட துருவத்துப் பக்கம் முட்டையிட்டுவிட்டு இங்கே வந்து சேற்றைக் கொத்திக்கொண்டு இருக்கிறது. வரப்பில் படுத்து அதைப் பார்த்தபோது தொண்டை அடைத்துக்கொண்டது. உப்பளத்துக்கு விடிகாலையில் போங்கள், ஒன்பது மணிக்கு மேல் கானல் எழும்பிவிடும், எவ்வளவு விலை லென்ஸாக இருந்தாலும் படம் நெளியும். வேலை செய்கிறவர்களிடம் கேட்டுவிட்டு உள்ளே போங்கள், வரப்பை மிதித்து உடைக்காதீர்கள்.

மலைப் பக்கமும் போனேன். கீரிப்பாறை பஸ் வர வேண்டிய நேரத்துக்கு வரவில்லை, அடுத்ததில் நிற்கக்கூட இடமில்லை. லென்ஸ் பையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு ஒரு கால் படியில். பிறகு இறக்கி வைத்த பை மேலே சாய்ந்து தூங்கிய ஆளை எழுப்பியதற்கு, அவர் என்னைத் திட்டினார். காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும் என்பதால் ரோட்டோரமும் ரப்பர் தோட்டத்து விளிம்பும்தான். வெளிச்சமே இல்லை, கேமராவின் ஒளி உணர்திறன், அந்த ஐ.எஸ்.ஓ., 6400-க்கு ஏறிவிட்டது, படங்கள் எல்லாம் மணல் மணலாக. ஆனால் மலபார் சாம்பல் இருவாச்சியின் சத்தம் கேட்டது, யாரோ மேலே உட்கார்ந்து விட்டுவிட்டுச் சிரிப்பதுபோல. அலகுக்கு மேலே கொம்பு போன்ற புடைப்பு இல்லாத இருவாச்சி இது, மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் கிடையாது. 1933-ல் பறவை ஆய்வாளர் சலீம் அலி திருவாங்கூர், கொச்சிப் பறவைகளைக் கணக்கெடுத்தபோது இந்த மண் திருவாங்கூரில் இருந்தது, 1956 நவம்பர் 1-ல்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அன்று துப்பாக்கியால் சுட்டு வீழ்த்தித்தான் பறவையை ஆராய்ந்தார்கள். இன்று என் கையில் இருப்பது கேமரா. மணலாக வந்தாலும் அந்தப் படம் அடையாளம் காணப் போதும். பறவைப் பதிவுகளைச் சேர்த்து வைக்கிற ஈபேர்ட் தளத்தில் ஏற்றிவிட்டேன், நீங்களும் ஏற்றுங்கள். நல்ல படம் இல்லையே என்று விடாதீர்கள், பதிவுதான் முக்கியம்.

வேம்பனூர் குளம் பாக்கி. அதுவும் 2022-ல் ராம்சர் பட்டியலில் வந்தது, 19.75 ஹெக்டேர், நாகர்கோவிலுக்குப் பக்கத்திலேயே. லென்ஸைத் திருப்பிக் கொடுக்கும் நாள் வந்துவிட்டது, கையில் காசும் இல்லை. பிப்ரவரி முடிவதற்குள் யாராவது போவதாக இருந்தால் சொல்லுங்கள், ஆட்டோவைப் பங்கு போட்டுக்கொள்ளலாம்.