தள்ளு தள்ளு, அப்புறம் பறக்கலாம்

"மாமா, ஞாயித்துக்கிழமை பறக்கப் போறோம்" என்று மச்சினன் சொன்னபோது ஏதோ மலிவு டிக்கெட் கிடைத்துவிட்டது என்றுதான் நினைத்தேன். கூட்டிப்போனது இங்கிலாந்தின் டன்ஸ்டபிள் குன்றுகளின் அடிவாரத்துக்கு. கிளைடர் என்கிற எஞ்சின் இல்லாத விமானங்களைப் பறக்கவிடும், 1930-இல் ஆரம்பித்த லண்டன் கிளைடிங் கிளப் அங்கேதான் இருக்கிறது.

போனவுடன் ஒரு பெரியவர் என் கையில் இறக்கை நுனியைக் கொடுத்தார். கிளைடர் தரையில் ஒற்றைச் சக்கரத்தை நம்பித்தான் நிற்கும். ஆள் பிடிக்காவிட்டால் ஒரு பக்கம் சாய்ந்து படுத்துக்கொள்ளும். எஞ்சின் கிடையாது, ஆகவே மைதானத்தில் அதை நகர்த்துவதும் மனிதர்களே. "இங்கே பிடி, அங்கே தொடாதே" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். ரிட்டையரான ஆங்கிலேயர்கள் இவ்வளவு உற்சாகமாக வண்டி தள்ளுவதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

மதியத்துக்கு மேல் என் முறை. பாராசூட்டை மாட்டிவிட்டு, கிளைடரை மேலே இழுக்கும் கேபிள் அறுந்தால் என்ன செய்வோம் என்பதைப் பயிற்சியாளர் நிதானமாக விளக்கினார். இறக்கைக்குச் சேதம் வருவதற்கு முன்னால் அறுந்துவிட வேண்டும் என்றே கேபிளில் ஒரு பலவீனமான இணைப்பை வைத்திருக்கிறார்களாம். இதற்கு நிம்மதி அடைவதா, இறங்கி ஓடுவதா? யோசிப்பதற்குள் மறுகோடியில் இருந்த வின்ச், அதாவது கேபிளைச் சுருட்டும் இயந்திரம், இழுக்க ஆரம்பித்துவிட்டது. சில நொடிகளில் தரை போச்சு, மூக்கு செங்குத்தாக மேலே, கண்ணுக்கு வானம் மட்டும். கிணற்று வாளிக்குள் உட்கார்ந்து மேலே போவது மாதிரிதான். சுமார் 1,000 அடியில் 'டொக்' என்று கேபிள் கழன்றது. அப்புறம் காற்றின் சத்தம் மட்டும்.

நேராகப் போகிறோமா என்று காட்ட, கண்ணாடி மூடியின் வெளியே டேப் போட்டு ஒட்டிய ஒரு கம்பளி நூல். இத்தனை லட்சம் விலையுள்ள விமானத்தில்! ஏறினால் கீச்சிடும், இறங்கினால் முனகும் ஒரு கருவியும் இருந்தது. எனக்கு முனகல்தான். சரியாக அந்த நேரம் பார்த்துச் சூரியனை மேகம் மறைத்துக்கொண்டது. சூடான காற்று மேலே எழுந்தால்தானே கிளைடரும் ஏறும்? குன்றின் சரிவில் சுண்ணாம்பில் செதுக்கிய, 147 மீட்டர் நீள விப்ஸ்னேட் சிங்கத்தை முழுசாகப் பார்த்து முடிப்பதற்குள் இறங்கிவிட்டோம். மொத்தம் 6 நிமிடம்.

அடுத்து மச்சினன். அவன் ஏறினதும் வெயில் அடித்தது. அதுவும் போதாதென்று ஒரு ரெட் கைட் பருந்து வந்து வட்டமடித்தது. இங்கிலாந்தில் அழிந்துபோயிருந்த இந்தப் பருந்துகளை இந்தப் பக்கத்துக் குன்றுகளில் 1989 முதல் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். நல்ல காரியம்தான், ஆனால் அது என் முறைக்கு வந்திருக்கக் கூடாதா? பருந்து சுற்றும் இடத்தில் காற்று மேலே போகிறது என்று அர்த்தம். அவனுடைய பயிற்சியாளர் நேராக அதன் கீழே கொண்டுபோய் நிறுத்தி, அதோடு சேர்ந்து சுற்ற ஆரம்பித்துவிட்டார்.

கீழே நான் இரண்டு கிளைடர் தள்ளி, யாருக்கோ இறக்கை பிடித்து, டீயும் குடித்து முடித்த பிறகுதான் அவன் இறங்கினான்.

"மேலே நல்லா ஜில்லுன்னு இருந்துச்சு மாமா. உங்களுக்கு ஏன் இப்படி வேர்த்திருக்கு?"

வீடு திரும்பும் வழியில் என் மனைவி போன் செய்தாள். மச்சினன் ஸ்பீக்கரில் போட்டு, தான் பறந்த முக்கால் மணி நேரப் பெருமையையும் அளந்து முடித்தான். "மாமா?" என்று அவள் கேட்டாள்.

"மாமாவும் பறந்தாரு அக்கா... கொஞ்சம்."