ஒரே மாத்திரைதானே என்று இருந்தேன்

ஹெச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மருந்து கொடுக்கும் ஏ.ஆர்.டி. மையத்தில் ஆற்றுப்படுத்துநர் வேலை எனக்கு. "மாத்திரையை விடாதீங்க" என்று தினமும் சொல்லிச் சொல்லி அது வாய்ப்பாடாகவே ஆகிவிட்டது. யாரிடம், எதற்காகச் சொல்கிறேன் என்று நின்று யோசித்ததில்லை. அந்த லாரி ஓட்டுநர் அண்ணன் மஞ்சள் பூத்த கண்களோடு வந்து உட்காரும்வரை.

லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போனவர், இரண்டு மாதம் ஊர்ப்பக்கம் வரவில்லை. மாத்திரை தீர்ந்துபோனது. "வைரஸ் கண்ணுக்கே தெரியலேன்னு நீங்கதானே மேடம் சொன்னீங்க? கொஞ்ச நாள்தானேன்னு விட்டுட்டேன்." ஊர் திரும்பும்போதே காமாலை. வீட்டில் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்து உப்பில்லாப் பத்தியம். நாட்டு மருந்தோடு இங்கிலீஷ் மருந்து சேராது என்று, மாத்திரையை மறுபடி தொடங்கவும் இல்லை.

கீழாநெல்லியை இளக்காரமாகப் பேச எனக்கு மனம் வராது. 1988-இல் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்த ப்ளம்பெர்க்கோடு சேர்ந்து, கீழாநெல்லி அந்த வைரஸுக்குப் பலன் தருகிறது என்று லான்செட் மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். பின்னர் வேறு இடங்களில் நடந்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை.

அண்ணனுடைய சிகிச்சைப் புத்தகத்தைப் புரட்டினேன். முதல் பக்கத்திலேயே 'ஹெபடைடிஸ் பி பாசிட்டிவ்'. எழுதியது நான்தான்.

அவர் சாப்பிடும் ஒரு மாத்திரைக்குள் டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் இருக்கின்றன. முதல் இரண்டும் பி வைரஸையும் அடக்கிவைப்பவை. நிறுத்தினால் ஹெச்.ஐ.வி. சத்தமில்லாமல் பெருகும், பி சில வாரங்களிலேயே கல்லீரலைப் புண்ணாக்கிவிடலாம். டாக்டர்களும் இதில் கவனமாக இருப்பார்கள். சிறுநீரகம் பழுதாவதைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தத்தில் ஏறினால் டெனோஃபோவிருக்குப் பதில் அபகாவிர் தருவதுண்டு. அபகாவிர் பி-யைத் தொடாது. லாமிவுடின் மட்டும் தனியாக நின்றால் பி வைரஸ் நாளடைவில் அதற்குப் பழகிவிடும். அதனால் என்டெகாவிர் போன்ற ஒன்றைக் கூடச் சேர்ப்பார்கள்.

இதெல்லாம் பயிற்சியில் படித்ததுதான். ஆனால் அவரிடம் நான் பேசியதெல்லாம் ஹெச்.ஐ.வி. பற்றி மட்டும்தான். ஒரே மாத்திரை, அதைச் சாப்பிட்டால் போதும், இன்னொரு நோயின் பெயரைச் சொல்லி எதற்குப் பயமுறுத்த வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

வார்டில் சேர்ந்து, மாத்திரையைத் திரும்பத் தொடங்கி, மெல்லத் தேறினார். அவர் மனைவிக்குப் பரிசோதித்ததில் பி இல்லை. தடுப்பூசி முதல் தவணை போட்டோம். கிளம்பும்போது கேட்டார்: "ரெண்டுக்கும் சேத்துத்தான் இந்த மாத்திரைன்னு அப்பவே சொல்லியிருக்கலாமே மேடம்?"

அவர் மனைவியின் இரண்டாவது ஊசிக்கான தேதியைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன்.