ஸ்காபரோவில் எனக்குக் கிடைத்த முற்றம்

கனடாவுக்கு வந்த முதல் விண்டர் முழுக்கச் சித்தி வீட்டு பேஸ்மென்டில்தான். இருந்தது ஒரேயொரு ஜன்னல், அதுவும் தலைக்கு மேலே, ஸ்னோ கொட்டினால் அதையும் மூடிவிடும். பகலா இரவா என்று போனைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன். ஒருநாள் வேலைக்கு விண்ணப்பம் கொடுக்க ஸ்காபரோ டவுன் சென்டருக்குப் போய்விட்டு, குளிர் தாங்காமல் பக்கத்தில் தெரிந்த வெள்ளைக் கட்டடத்துக்குள் நுழைந்தேன். அதுதான் சிவிக் சென்டர், நகராட்சி அலுவலகங்கள் இருக்கிற கட்டடம்.

உள்ளே போனதும் அப்படியே நின்றுவிட்டேன். நடுவில் பெரிய வெளி, சுற்றிவர அடுக்கடுக்காக மாடங்கள், மேலேயிருந்து இறங்குகிற வெளிச்சம். மாடங்கள் எல்லாம் அந்த வெளியைப் பார்த்தபடி இருக்கின்றன, கோப்போடு நடக்கிறவரைக் கீழே இருந்தே பார்க்கலாம். அம்மம்மாவின் நாற்சார் வீட்டில் எந்த அறையிலிருந்து எட்டிப் பார்த்தாலும் முற்றம் தெரியும், அதே மாதிரி! ஒரு மணி நேரம் இருந்தேன். ஏன் வந்தாய், என்ன வேணும் என்று ஒருவரும் கேட்கவில்லை. அப்புறம் வாரத்துக்கு இரண்டு தரமாவது போய்விடுவேன்.

கட்டியது யார் என்று பிறகுதான் தேடிப் படித்தேன். 1973இல் திறந்திருக்கிறார்கள், வடிவமைத்தவர் ரேமண்ட் மொரியாமா. வான்கூவரில் பிறந்தவர், ஜப்பானிய வம்சாவளி. இரண்டாம் உலகப்போர் நேரம் அந்த வம்சாவளியினர் சுமார் 22,000 பேரை, பெரும்பாலும் தன் சொந்தக் குடிமக்களையே, கனடா வீடுவாசலை விட்டுக் கிளப்பியது. மொரியாமாவும் சிறுவனாக முகாமில் இருந்தவர். உடம்பில் இருந்த தீக்காயத் தழும்பை மற்றவர்கள் கேலி செய்ததால் ஒதுங்கிப் போய் ஆற்றில் குளித்திருக்கிறார், அந்த ஆற்றங்கரையில் ஒரு மரத்தில் தனக்கென்று சின்ன வீடும் கட்டியிருக்கிறார்.

1995இல் போரால் யாழ்ப்பாணத்தை விட்டு எல்லோரும் இடம்பெயர்ந்தபோது எனக்கு 12 வயது. தென்மராட்சியில் ஒரு வகுப்பறை மூலையில் மேசைகளை அடுக்கி, அம்மாவின் சேலையைக் கட்டி, எனக்கும் தங்கச்சிக்கும் ஓர் 'அறை' செய்தேன். அந்த மரவீட்டைப் பற்றிப் படித்த இரவு சேலையின் நிறம்கூட ஞாபகம் வந்தது.

1969இல் திறந்த ஒன்ராறியோ சயன்ஸ் சென்டரும் அவர் வடிவமைத்ததுதான். பள்ளத்தாக்குச் சரிவோடு சேர்ந்து இறங்குகிற கட்டடம், மகளை அங்கே கூட்டிப் போயிருக்கிறேன். கூரை ஆபத்து என்று 2024 ஜூனில் மூடிவிட்டார்கள். திருத்திப் பாவித்திருக்க வேண்டும் என்றுதான் இப்பவும் சொல்வேன். அந்தக் காலத்து கொங்கிறீட் என்றாலே அசிங்கம் என்று சொல்கிறவர்கள் ஒருநாள் சிவிக் சென்டருக்கு வாருங்கள். உள்ளே போகக் காசு இல்லை. நடுவில் நின்று ஒரு தரம் அண்ணாந்து பாருங்கள்.